ஒன்பதாவது அத்தியாயம்

"சொல்லும்மா" என்றார் சிதம்பரநாதன் பின்சீட்டிலிருந்து. அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஹேமாவதிக்குப் பிடரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. காலையில் விமான நிலையத்தில் ஆரம்பித்தது, சாயங்காலமாகியும் விடவில்லை. நீர்முள்ளி பதிப்பகத்தை அவருடைய அப்பா எப்படி ஒரு சைக்கிளையும் இரண்டு பை புத்தகங்களையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார் என்ற கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, சொல்லும்மா. அந்தக் கதையை ஹோட்டல் வரவேற்பறையிலேயே அவள் ஒரு முறை ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டாள். பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கினுயோ ஹயாசே, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முதல் முறை கேட்பவர் போலவே தலையை லேசாகச் சாய்த்தார். எழுபது தாண்டிய ஜப்பானிய நாவலாசிரியை, தன் நாவலின் தமிழ்ப் பதிப்புக்கான கூட்டத்துக்கு வந்திருந்தார். பிளந்து கிடக்கிற கிரீன்வேஸ் சாலையையும் மெட்ரோக்காரர்கள் போட்டிருக்கிற நீலத் தகரத் தடுப்பையும் யாரோ தனக்காக ஏற்பாடு செய்த வேடிக்கை மாதிரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பி ஹேமாவதிக்கு இடது பக்க நரம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் அப்பா கடின உழைப்பாளி என்று சொல்கிறார், சென்செய், என்று ஆசிரியர்களுக்கான மரியாதைச் சொல்லோடு முடித்தாள். "அவ்வளவுதானா? நான் இவ்வளவு சொன்னேனே" என்றார் சிதம்பரநாதன். ஜப்பானிய மொழியில் எல்லாம் சுருக்கமாக வரும் சார் என்று பொய் சொன்னாள். அவர் அதை நம்பினார். ஆறு வருஷமாக எதைச் சொன்னாலும் நம்புகிறார், அவள் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதைத் தவிர.

ஆறு வருஷம். யோசித்தால் வயிறு எரியும், யோசிக்காமலும் இருக்க முடியாது, கார் நகர்ந்தால்தானே வேறு எதையாவது பார்க்க. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளை, உனக்கு இலக்கியம் தெரியுமாமே, பதிப்பகத்துக்கு வா, ஜப்பானிய மொழியிலிருந்து ஒரு வரிசையே கொண்டுவரலாம் என்று இவர்தான் கூப்பிட்டார். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வந்தாள். கம்பெனியில் அவள் வாய் அவளுடையதாக இல்லை. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஒரு தொழிலாளியைத் திட்டினால் அதே திட்டை அவள் தமிழில் திட்ட வேண்டும். ஜப்பான்காரர் முகம் கல்லாட்டம் இருக்கும், வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரும். தனசேகர் என்று வெல்டிங் பிரிவில் ஒருத்தன், "அந்தாளு என்னா சொன்னானோ, நீ எதுக்கு இப்படிப் பேசற" என்று கேண்டீனில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான். நான் பேசலை என்று அவனுக்கு எந்த மொழியில் சொல்வது. அதிலிருந்து தப்பித்து புத்தகத்துக்கு வந்தோம் என்று பார்த்தால், இங்கே முதல் வருஷம் முழுக்க அவள் மொழிபெயர்த்தது ஏஜென்ட்டுகளுக்கு அனுப்புகிற மின்னஞ்சல்கள், வங்கிக்காரன் கேட்கிற விவரங்கள், சிதம்பரநாதனின் மருமகன் ஒசாகாவிலிருந்து வாங்கிவந்த குக்கரில் எந்தப் பொத்தானை அமுக்கினால் சாதம் குழையாது என்பது. சிதம்பரநாதனின் மனைவி போன் பண்ணி, "ஹேமா, இதுல சிவப்பா ஏதோ மினுக்குதும்மா" என்பார். இவள் வேலையை நிறுத்திவிட்டு, அமுக்காதீங்கம்மா, அது கழுவச் சொல்லுது என்பாள். அரக்கோணத்தில் அம்மா, என்ன வேலைடி பார்க்கறே என்று இன்னும் கேட்கிறாள். ஜப்பான்காரங்ககிட்டப் பேசற வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அதுவாவது உண்மை என்றால் சரி.

அப்புறம் ஹயாசேயின் இந்த நாவல் வந்தது. ஒரு துறைமுக ஊரில் சலவைக்கடை வைத்திருக்கிற குடும்பம், சின்ன மகள் செத்துப்போகிறாள், பெரிய மகள் வளர்ந்து கதை சொல்கிறாள். ஹேமாவதி அதை மூலத்தில் படித்துவிட்டு நாலு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உரிமை வாங்குகிற வேலையை எல்லாம் அவளே செய்தாள். கடைசியில் சிதம்பரநாதன் மொழிபெயர்ப்பைக் கவிஞர் அருணோதயனிடம் கொடுத்தார். அவருக்கு ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆங்கிலத்திலிருந்து செய்வார், பெயர் உள்ளவர், விற்கும், நீ ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துடு என்றார். ஒப்பிட்டுப் பார்த்தாள். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு டெல்லி வழியாகப் போனவன் கொண்டுவந்த மூட்டை மாதிரி இருந்தது. தமிழிலும் வினை கடைசியில்தான் வரும், ஜப்பானிய மொழியிலும் கடைசியில்தான் வரும். இங்கேயும் மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு ஒரு சொல், அங்கேயும் அப்படியே. ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் சொய்ங் என்று இங்கே சொன்னால் அங்கேயும் அதற்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது. நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டு சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டது. கவிஞர் அங்கே 'மெல்லியதோர் ஓசை எழுந்தது' என்று எழுதியிருந்தார். அதையாவது விடலாம். செத்துப்போன தங்கையை அவர் புத்தகம் முழுக்க அக்கா ஆக்கிவைத்திருந்தார். ஆங்கிலத்தில் சிஸ்டர் என்று பொதுவாகத்தானே இருந்தது, எனக்கு அக்காவாகத் தோன்றியது, அக்கா என்றால் ஒரு ஈரம் இருக்கிறது என்றாராம். சிதம்பரநாதனிடம் அவள் சண்டையே போட்டாள். "அக்காவா இருந்தா என்ன, தங்கச்சியா இருந்தா என்ன ஹேமா, செத்துதானே போச்சு" என்றார் அவர். அதைச் சொல்லிவிட்டுத் தட்டையை எடுத்துக் கடித்தார். கடைசி மெய்ப்பில் ஒவ்வொரு அக்காவையும் அவளே உட்கார்ந்து தங்கையாக்கினாள். மூன்று அக்காக்கள் தப்பித்து அச்சுக்கே போய்விட்டார்கள். அட்டையில் 'ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாக' என்று போட்டார்கள். உள்ளே நன்றியில் அவள் பெயர் ஹேமலதா.

எல்லாவற்றையும் விடலாம். தப்பு என்றால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். இல்லாததை எங்கே போய்த் திருத்துவது. ஒன்பதாவது அத்தியாயம் ஆங்கிலத்திலேயே இல்லை. மூலத்தில் நாற்பது பக்கம் போல வரும், ஆங்கிலத்தில் எட்டு முடிந்ததும் பத்தாவது ஒன்பது என்று எண் மாறிவிடும், தையல் தெரியாது. அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்காது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மா செத்துப்போன சின்னவளின் பள்ளிச் சீருடையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கடையில் மற்றவர்கள் துணிகளுக்கு நடுவில் தொங்கவிடுவாள். வருஷா வருஷம் ஏப்ரலில், பள்ளி திறக்கிற சமயத்தில், அந்தப் பாவாடையின் மடிப்பை ஒரு அங்குலம் பிரித்து இறக்குவாள். பெண் இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று. அவ்வளவுதான். அப்பா பேச மாட்டார், அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். ஹேமாவதி சிதம்பரநாதனிடம் இந்த ஒன்றையாவது நான் மூலத்திலிருந்து செய்து தருகிறேன் சார் என்றாள். இங்கிலீஷ்காரனே எடுத்துட்டான்னா தேவையில்லேன்னுதானே அர்த்தம், புத்தகக் கண்காட்சிக்கு நாள் இல்லை, கவிஞர் நடை வேற உன் நடை வேற, ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் என்றார். சரி என்று விட்டுவிட்டாள். ஏன் விட்டாள்? கோபித்துக்கொண்டு விட்டாள். எவனுக்கோ வந்த விதி என்று விட்டாள். வீட்டில் உட்கார்ந்து சும்மாவாவது செய்து பார்த்திருக்கலாம், ஒரு வரி கூடச் செய்யவில்லை.

கார் பத்தடி நகர்ந்து நின்றது. பின்னாலிருந்து ஹயாசே மெதுவாக, ஹேமாவதி சான், என்று மரியாதையாகக் கூப்பிட்டார். இன்றைக்கு அரங்கத்தில் தான் ஒன்பதாவது அத்தியாயத்திலிருந்து வாசிக்கப்போவதாகவும், நான்கைந்து பக்கம்தான், சிரமமாக இருக்காதே என்றும் கேட்டார். பிறகு, தெரிந்துகொள்ள ஆசை, அந்தப் பாவாடையில் பிடித்திருக்கிற மடிப்புக்குத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் என்ன சொல் போட்டிருக்கிறார், பல மொழிகளில் அதற்குச் சொல்லே இல்லை என்றார்கள், என்றார். "என்ன கேக்கறாங்க?" என்றார் சிதம்பரநாதன். ஒரு நிமிஷம் சார். என்ன சொல். அதற்கு என்ன சொல். மடிப்பு இல்லை, மடிப்பு என்றால் புடவைக்கு. கொசுவம் இல்லை. தையலைப் பிரிப்பது என்றால் கிழிந்த மாதிரி ஆகிவிடும். தெரியும், அவளுக்கு அது தெரியும், அவளே போட்டிருக்கிறாள், ஏழாவது படிக்கும்போது பச்சைப் பாவாடையில் கீழே மூன்று வரிசையாக. ஆனால் வாயில் வரவில்லை. வராமல் நிற்பதுதான் அவளுக்குப் பயம், அவள் தொழிலில் வேறு பயமே கிடையாது. அப்பாவுக்கு அப்படித்தான் நின்றது. பக்கவாதம் வந்து எழுந்தவருக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல்தான் மிச்சமிருந்தது, கதவு. காபி வேண்டுமென்றால் கதவு கொடு. கால் வலித்தால் கதவு நோகுது. அம்மா அழுவாள். ஹேமாவதி மட்டும் எந்தக் கதவு எந்தக் கதவு என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், லீவு போட்டுவிட்டு, கடைசி வரைக்கும். ஒரு நாள் அவர் அவளையே பார்த்து கதவு என்று கூப்பிட்டார். என்னப்பா என்றாள். கூட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் வாயிலிருந்தும் அப்படி ஒரு கதவு வந்துவிடும் என்று அவளுக்கு எப்போதும் தோன்றும். டக். டக் பிடித்துத் தைப்பது. டக் பிரித்துவிடுவது. அதேதான். வளர்கிற பெண் என்று அளவுக்கு மேலே துணி வைத்து டக் பிடித்துத் தைப்பார்கள், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள், பிரித்த இடத்தில் மட்டும் சாயம் போகாமல் கரும்பச்சையாக ஒரு கோடு இருக்கும், போன வருஷம் எவ்வளவு உயரம் என்று ஊரே எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலக்காரனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அவனுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடனே, தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே என்று எரிச்சலும் வந்தது.

"ஒன்பதாவது அத்தியாயம் வாசிக்கப்போறாங்களாம் சார்" என்றாள்.

சிதம்பரநாதனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாலாவது அத்தியாயம்தான் கவிஞர் வாசிக்கத் தயாராக இருக்கிறார், நாலாவதையே வாசிக்கச் சொல்லு, கூட்டத்துக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லு, நேரம் இல்லை என்று சொல்லு. "அது புத்தகத்துல இல்லேங்கறதை மட்டும் சொல்லிடாதே. நேரடியா ஜப்பான் மொழியிலேர்ந்துதான் போட்டிருக்கோம், அழுத்தமா சொல்லு." எல்லாம் நீ பார்த்துக்கோ என்று ஒரு புன்னகை. அந்தப் புன்னகையோடேதான் குக்கரைப் பற்றியும் கேட்பார்.

ஹேமாவதி கழுத்தைத் திருப்பினாள். நரம்பு சுரீர் என்றது. இந்தக் காருக்குள் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நாலாவது என்று சொன்னால் நாலாவது, நேரமில்லை என்றால் நேரமில்லை; இரண்டு பக்கமும் தலையாட்டுவார்கள், ராத்திரி சாப்பாட்டில் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள், அந்தம்மா மறுநாள் விமானம் ஏறிவிடுவார். கம்பெனியில் எத்தனை தடவை அப்படிச் செய்திருக்கிறாள், இந்தப் பக்கத்துக் கோபத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்து முனகலை விழுங்கி, அதனால்தான் வேலை ஓடியது. ஆனால் ஹயாசே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கண்கள், பதிலுக்காக. மொழிபெயர்ப்பாளர் என்ன சொல் போட்டிருக்கிறார். இதற்கு என்ன பொய் சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அயர்ச்சியாக இருந்தது. அந்த அயர்ச்சியில்தான் உண்மை வெளியே வந்ததே தவிர, தைரியம் என்று பின்னாலும் அவள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும் சென்செய், அந்த அத்தியாயம் தமிழ்ப் புத்தகத்தில் இல்லை, ஆங்கிலத்திலிருந்து செய்யப்பட்டது, எனக்கு அது தெரியும், நான் வற்புறுத்தியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன் என்றாள். சொல்லி முடித்ததும், இந்த வேலை இன்றோடு போயிற்று என்று நினைத்தாள். அரக்கோணத்து அம்மா. வாடகை. மறுபடி வெல்டிங் வாசனை.

ஹயாசே கைப்பையின் பிடியைச் சரிசெய்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "தெரியும், இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்" என்றார். "எந்த ஊருக்குப் போனாலும் நான் இதைத்தான் வாசிக்கிறேன். இதுவரை எந்த ஊர்ப் புத்தகத்திலும் இது இல்லை."

பிறகு நிதானமாக, வழியில் பார்த்த கடையைப் பற்றிச் சொல்பவர் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆங்கிலப் பதிப்பாசிரியர் இதில் ஒன்றும் நடக்கவில்லை, கதை இங்கே படுத்துவிடுகிறது என்றாராம். அப்போது தன்னை யாருக்கும் தெரியாது, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் மற்ற மொழிகள் எல்லாம் அந்த ஆங்கிலத்திலிருந்தே முளைத்தன. யாரிடம் போய்ச் சண்டை போடுவது. அதனால் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிறார். மேடையில் அதை வாசிக்கிறார். பக்கத்தில் நிற்கிறவர் அதை அந்த ஊர் மொழியில் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்த மொழியில் அது ஒரு தடவையாவது சொல்லப்பட்டுவிடும். உங்களைப் போன்றவர்களுக்குத் தொந்தரவுதான், தெரிந்தே செய்கிறேன், என்று தலையைக் குனிந்தார். ஹேமாவதிக்கு நெகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். காலையிலிருந்து கூடவே இருக்கிறேனே, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மதியம் உட்கார்ந்து தயார் பண்ணியிருப்பேனே. அவருக்கும் என் வாய்தான் வேண்டியிருக்கிறது, இவருக்கும் என் வாய்தான் வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிட்டு நான் எதால் சாப்பிடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் திரும்பினாள். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க? நாலாவதுக்கு சரின்னாங்களா?"

"ஒன்பதுதான் சார். எல்லா ஊர்லயும் அதைத்தான் வாசிப்பாங்களாம்."

"தமிழ்ல யாரு வாசிக்கறது? கவிஞர்கிட்ட அது கிடையாதே."

"நான் சொல்றேன்."

"எழுதி வெச்சிருக்கியா?"

"இல்லை சார்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடு, கதைச் சுருக்கம் மாதிரி இரண்டு வரி, அம்மா துணி துவைக்கிறாள், சோகமாக இருக்கிறாள், முடிந்தது என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் எந்த மொழியிலும் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம். மந்தவெளி தாண்டுகிற வரை அவளுக்குள் மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சி சரி. கொடியில் போடுவது சரி. தொங்கவிடும் கம்பிக்கு ஹேங்கர் போதும். அம்மாவின் பேச்சை எந்தப் பேச்சில் வைப்பது, மெட்ராஸ் பேச்சா, பொதுவான பேச்சா, துறைமுகத்துக்காரி நாசூக்காகப் பேச மாட்டாள்.

மயிலாப்பூர் அரங்கில் நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. கவிஞர் அருணோதயன் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஹயாசேக்குக் கும்பிடு போட்டார், மொழிபெயர்ப்பு என்பது இரண்டு இதயங்களின் கைகுலுக்கல் என்று பேசினார், ஹேமாவதி அதை ஹயாசேயின் காதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இதயத்துக்குப் போய்விட்டார். அப்புறம் ஹயாசே எழுந்து மைக்குக்கு வந்து தன் புத்தகத்தைத் திறந்தார். பழைய பிரதி, முதுகில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்திருந்தது. ஒரு பத்தி வாசித்தார். நிறுத்தினார். முன்வரிசையில் சிதம்பரநாதன் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு வரி. ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை, வெள்ளையாக இருந்தது, அப்பாவின் கதவு நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் வாக்கியம் அதன் வினையை நோக்கித் தானாக நடக்க ஆரம்பித்தது. என் தங்கச்சி செத்த பிறகும் திங்கட்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது என்றாள். அம்மா அவள் பாவாடையைத் தண்ணியில் முக்கி எடுத்தாள் என்றாள். அடுத்த பத்தி. அடுத்தது. ஒரு இடத்தில் சொல் தடுக்கியது, நின்று, திருத்தி, மேலே போனாள். ஒரு இடத்தில் எழுவாயை விட்டுவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. ஏப்ரல் மாசம் அம்மா ஒரு டக்கைப் பிரித்தாள் என்றதும் அரங்கில் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு அசைவு. பிரித்த இடத்தில் சாயம் போகாத கோடு என்று மூலத்தில் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். படிக்கும்போது எப்படித் தப்பியதோ. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டு வரி எப்போதோ தாண்டிவிட்டது. சிதம்பரநாதன் விரல்களை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் வாடாமல்லிப் புடவை கட்டிய ஒரு பெண் கவிஞரின் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். பொருளடக்கத்தைப் பார்த்தாள், மறுபடி புரட்டினாள். பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்; அவளும் தன்னிடமிருந்த பிரதியைத் திறந்து தேடினாள். ஹயாசே அடுத்த பத்திக்கு மூச்சை இழுத்த இடைவெளியில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். நடுவில் கேட்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது, கை பாதிதான் உயர்ந்தது.

"மேடம், எந்தப் பக்கத்துல இருக்குது இது?"

கவிஞர் சால்வையை ஒதுக்கினார். சிதம்பரநாதன் தலையைத் தூக்கி ஹேமாவதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சொல்லும்மா என்பது இல்லை. ஹயாசேயும் திரும்பி அவளைப் பார்த்தார், கேள்வி என்ன என்று அவருக்குக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும், எல்லா ஊரிலும் கேட்டிருப்பார்கள். ஹேமாவதி மைக்கைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"புத்தகத்துல இல்லைங்க" என்றாள். "நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

அந்தப் பெண் புத்தகத்தை மூடிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹயாசே அடுத்த பத்தியை வாசிக்க ஆரம்பித்தார்.